மூலையில் கிடந்த எச்சம்

முதல் கதிரில் புழு இருந்ததைப் பார்த்து நான் பயப்படவில்லை. பூச்சியே இல்லாத வயல் என்று ஒன்று கிடையாது, அளவோடு இருக்கிற வயல்தான் உண்டு என்று எத்தனையோ கூட்டங்களில் நானே சொல்லியிருக்கிறேன். இரண்டாவது கதிரைத் தம்பி உரித்தான். அதில் இல்லை. மூன்றாவதிலும் இல்லை. நாலாவதில் இருந்தது. ஐந்தாவதில் இருந்தது. ஆறாவது கதிரை அவன் உரிக்காமல் ஒடித்து என் கையில் கொடுத்தான்.

"நீயே பாரு."

பச்சை உறையைக் கீழே இழுத்தேன். நுனியில் மணிகள் இருக்க வேண்டிய இடத்தில் ஈரமான பழுப்புக் கூழ். அதற்குள் ஒரு கொழுத்த புழு, வெளிச்சம் பட்டதும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. ஒரு கதிருக்கு ஒன்றுதான் மிஞ்சும். முதலில் நாலைந்து இருந்திருக்கும், பெரியது மற்றதைத் தின்றுவிடும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

"எத்தனை வரிசை இப்படி?" என்று கேட்டேன்.

"காலையிலேர்ந்து ஒன்பது வரிசை பார்த்துட்டேன். எல்லாம் இதே லட்சணம்தான். உள்பக்கம் மூணுக்கு ஒண்ணு. ரோட்டோரம் ரெண்டுக்கு ஒண்ணு."

இது பச்சைக் கதிராகவே பறித்து வேகவைத்துத் தின்கிற இனிப்பு மக்காச்சோளம். இன்னும் ஒன்பது நாளில் வாங்குகிற கம்பெனியின் ஆள் வருவான். லாரி நிறைவதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டு பத்துக் கதிரை எடுத்து உரித்துப் பார்ப்பான். இரண்டில் புழு இருந்தால் லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். தம்பியிடம் இருப்பது இந்த ஒரு வயல்தான். இந்தப் பருவத்துக்கு இந்த ஒரு பயிர்தான்.

"இப்ப மருந்து அடிச்சா?" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உள்ள போன புழுவுக்கு வெளிய அடிச்சு என்ன பண்றது? நீதானே சொல்லிக் கொடுத்த."

நான்தான் சொல்லிக் கொடுத்தேன். மருந்தே வேண்டாம் என்று சொன்னதும் நான்தான்.

நான் செய்யும் வேலையை வெளியில் யாரிடமாவது சொன்னால் முதலில் சிரிப்பார்கள். வேளாண் ஆய்வுக்கூடத்தில் தரைத்தளத்துக் கடைசி அறை என்னுடையது. வௌவாலின் புழுக்கையைக் கண்ணாடித் தட்டில் போட்டு, ஆல்கஹாலில் ஊறவைத்து, மைக்ராஸ்கோப்பின் கீழே இடுக்கியால் பிரிப்பேன். பழம் தின்னும் பெரிய வௌவால் இல்லை, கட்டைவிரல் நீளமே உள்ள, பூச்சி தின்னும் வௌவால். அது எதையும் முழுதாக விழுங்காது, பொடிப்பொடியாக மெல்லும். அதனால் எனக்குக் கிடைப்பதெல்லாம் துண்டுகள். ஒரு வண்டின் முதுகோட்டில் கால்வாசி, ஒரு கொசுவின் முழங்கால், அந்துப்பூச்சியின் இறக்கையிலிருந்து உதிர்ந்த செதில்கள். காய்ந்த புழுக்கை ஒன்றை விரலால் நசுக்கினால் மாவாகி மினுமினுக்கும். எலிப் புழுக்கை மினுமினுக்காது. அந்த மினுமினுப்பு முழுக்கப் பூச்சி.

ஒரு வௌவால் ஒரே இரவில் தன் எடையில் பாதி எடைக்குப் பூச்சி தின்னும். பாலூட்டும் தாயாக இருந்தால் அதற்கும் மேலே. சோளக் கதிரைத் துளைக்கும் புழுவுக்குத் தாய் ஒரு பழுப்பு அந்து. முட்டையிடும் முன் அதை வௌவால் பிடித்துவிட்டால் நூற்றுக்கணக்கான புழுக்கள் பிறக்காமலே போகும். இதை நான் மூன்று வருடம் சொல்லிச் சொல்லி, நாலாவது வருடம்தான் தம்பி காது கொடுத்தான்.

"சரி, புழுக்கை டாக்டர் சொல்றீங்க, கேட்டுக்குறோம்," என்றான். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அன்று ஊர் திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். சின்ன வயதிலிருந்து நான் சொன்ன எதையும் அந்த வீட்டில் யாரும் அப்படியே எடுத்துக்கொண்டதில்லை.

ஏற்பாடு எளிது. தம்பியின் கொட்டகை உத்தரத்தில் வௌவால் கூட்டம் பல வருடமாகத் தொங்குகிறது. அதன் கீழே வெள்ளை பிளாஸ்டிக் விரிப்பு. தம்பி மனைவி வாராவாரம் விரிப்பில் விழுந்ததை டப்பாவில் போட்டு வியாழக்கிழமை காலை பஸ் டிரைவரிடம் கொடுப்பாள். மதியம் என் மேசைக்கு வந்துவிடும். விதைத்த வாரத்திலிருந்து இதுவரை பத்து டப்பா. பத்துப் புழுக்கை பிரித்தால் ஆறில் அந்து இருந்தது. வௌவாலை நம்பி மருந்து அடிக்காமல் விடும் எங்கள் திட்டத்தில் சேர்ந்திருந்த மற்ற பண்ணைகள் எதிலும் இந்தக் கணக்கு வரவில்லை. "உன் தம்பி வீட்டு வௌவால் நல்லா சாப்பிடுதும்மா," என்று டைரக்டரே சொன்னார்.

நன்றாகத்தான் சாப்பிட்டது. பிறகு இந்தப் புழு எங்கிருந்து வந்தது?

"கொட்டகைக்குப் போகலாம்," என்றேன் தம்பியிடம்.

"அங்க என்ன இருக்கு? வயலைப் பாருன்னா."

"வா."

வெயில் உச்சியில் இருந்தது. கொட்டகைக்குள் நுழைந்ததும் கண் இருட்டியது. டீசல் வாசம், சாக்கு வாசம். பழகின ஒரு வாசம் மட்டும் இல்லை. வௌவால் இருக்கும் இடத்தில் மூக்கைக் கடிக்கிற ஒரு நெடி இருக்கும், அமோனியா மாதிரி. பகலிலும் மேலே லேசாக உரசும் சத்தம், சின்னச் சின்னச் சண்டை, கிறீச்சிடல் இருக்கும். நான் கழுத்தை நிமிர்த்தினேன்.

உத்தரம் இருந்தது. உத்தரத்துக்கும் தகரத்துக்கும் நடுவே வருஷக்கணக்காக உடம்புகள் தேய்ந்து கறுத்த எண்ணெய்க்கறை இருந்தது. வௌவால் இல்லை.

கைபேசி விளக்கைப் போட்டு ஒவ்வொரு இடுக்காகப் பார்த்தேன். ஏணியைச் சாத்தச் சொல்லி ஏறிப் பார்த்தேன். கறையைத் தொட்டேன். அதன் மேல் தூசி படிந்திருந்தது. சிலந்தி ஒன்று இடுக்கின் குறுக்கே வலை கட்டியிருந்தது. தினமும் ஐம்பது அறுபது உடம்புகள் புகுந்து வருகிற வழியில் சிலந்தி வலை கட்டாது.

ஏணியின் மேல் நின்றபடி கீழே பார்த்தேன். வெள்ளை விரிப்பு அப்போதுதான் துவைத்துப் போட்டது போல இருந்தது. ஒரு கரும்புள்ளி கிடையாது.

"எல்லாம் வெளிய போயிருக்குமா இருக்கும்," என்றான் தம்பி.

"பகல்லயா?"

அவன் ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

அவன் மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வாசலில் வந்து நின்றாள். அவளைப் போல வீட்டை வைத்திருக்கிற பெண்ணை நான் பார்த்ததில்லை. டிராக்டர் நிற்கிற இடத்தைக்கூடப் பெருக்குவாள்.

"சாப்பாடு ஆறுது. வெயில்ல ரெண்டு பேரும் என்ன ஏணி விளையாட்டு?"

"விரிப்புல எப்போலேர்ந்து ஒண்ணும் விழலம்மா?"

நான் சாதாரணமாகத்தான் கேட்டேன். கேட்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இறங்கும் படியில் கால் வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது ஆச்சு அண்ணி, ரெண்டு மாசம் கிட்ட. மொதல்ல மூணு வாரம் விழுந்துச்சு. அப்புறம் நின்னுருச்சு."

கடைசிப் படியில் அப்படியே நின்றுவிட்டேன்.

"அப்போ டப்பா?"

"டப்பா அனுப்பிட்டுத்தானே இருக்கேன்," என்றாள் அவள். அவள் குரலில் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தது. "ஒரு வியாழன் தவறினது உண்டா? அந்த டிரைவர்கிட்ட பல்லைக் காட்டி, காத்துக் கெடந்து..."

"எதை அனுப்பினே?"

அவள் கொட்டகையின் பின்மூலையைக் காட்டினாள். பழைய கதவுப் பலகைக்குப் பின்னால், கூட்டம் எப்போதோ தொங்கிய இடத்துக்குக் கீழே, முழங்கால் உயரத்துக்குக் கறுத்த குவியல். எத்தனை வருஷத்து எச்சமோ. ஓரத்தில் அழகாகச் சீவி எடுத்த தடம். பக்கத்தில் ஒரு பழைய டீ வடிகட்டி ஆணியில் தொங்கியது.

"நீங்கதானே போன்ல சொன்னீங்க, டப்பா கொறைஞ்சா கணக்கு வராது, மூடி வரைக்கும் இருக்கணும்னு. இங்க இவ்வளவு சும்மா கெடக்கு. இதுவும் வௌவாலோடதுதானே? எலிது கலந்துடக் கூடாதுன்னு ஒண்ணொண்ணா பொறுக்கி, சலிச்சு அனுப்பினேன். நீங்களே சொன்னீங்களே, நீ அனுப்புறதுதான் இருக்குறதுலயே சுத்தம்னு."

சொன்னேன். இரண்டு முறை சொன்னேன். மற்ற பண்ணைகளிலிருந்து வருவதில் வைக்கோலும் மண்ணும் கலந்திருக்கும்.

தம்பி அவளைப் பார்த்தான். "வௌவால் போயிடுச்சுன்னு என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"நீங்க தலைக்கு மேல பார்க்க மாட்டீங்களா? தெனமும் டிராக்டரை இங்கதானே விடுறீங்க? எனக்கென்ன தெரியும், வரும் போகும்னு நினைச்சேன். இது ஒரு விஷயம்னு யார் நினைச்சா?" பிறகு என் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கியிருந்தது. "அண்ணி, நீங்க அதை அவ்வளவு பெரிய கண்ணாடி வெச்சுப் பார்க்குறீங்க. பழசுன்னா உங்களுக்குத் தெரியாம போகுமா? தப்புன்னா நீங்களே சொல்லுவீங்கன்னுதான் இருந்தேன்."

அவள் அதற்கப்புறம் பேசியதில் பாதி எனக்குக் கேட்கவில்லை.

எனக்குத் தெரிந்திருந்தது. அதுதான் விஷயம். நாலாவது டப்பாவில் பழுப்பு மயிர் முளைத்த சின்னச் சின்னச் சட்டைகளைப் பார்த்தேன். பாம்பு சட்டை உரிப்பது போல ஒரு சிறு வண்டின் புழு உரித்துப் போட்டவை. அந்த வண்டு காய்ந்த தோலிலும் பழைய கம்பளியிலும் நாள்பட்ட எச்சக் குவியலிலும்தான் வாழும். போன வாரம் விழுந்த புழுக்கையில் அதற்கு வேலையே இல்லை. முதல் வருஷம் படிக்கிறவர்களுக்கு நான் இதைப் பாடமாக எடுக்கிறேன். ஆனால் அன்று என்ன செய்தேன்? இடுக்கியால் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தேன். "வெளியிலிருந்து கலந்தது" என்று குறிப்பில் எழுதினேன். மேல்மாடியில் மரபணு பார்க்கிற பெண் வந்து, "உங்க தம்பி சாம்பிள் மட்டும் சரியா வர மாட்டேங்குது, வெயில்ல காய வெக்குறாங்களா?" என்று கேட்டாள். பஸ்ஸில் சூடாகியிருக்கும் என்று அவளுக்கு நான் பதில் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அந்த டப்பாவிலிருந்து ஏழு வாரமும் நான் அந்தச் சட்டைகளைப் பொறுக்கிப் பொறுக்கி எறிந்தேன். தட்டு அழகாக இருந்தது. பத்துக்கு ஆறாக அந்து வந்தது.

தம்பி மனைவி மூலையைச் சலித்தாள். நான் தட்டைச் சலித்தேன்.

அந்தக் கணக்கு அப்படி வர வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கிறது என்பதை அந்த இருட்டில் நின்றுகொண்டு யோசித்தபோது எனக்கே என் மேல் கூச்சமாக இருந்தது. பசியோடு இருப்பவள் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்ப்பது போலத்தான் நான் ஒவ்வொரு வியாழனும் அந்த மூடியைத் திறந்திருக்கிறேன்.

"எதனால போச்சு?" என்றான் தம்பி. "நாங்க ஒண்ணும் பண்ணலியே. வெடி வெக்கல, புகை போடல. உத்தரத்துல கைகூட வெக்கல."

மூன்று வாரம் விழுந்தது, பிறகு நின்றது. நான் வெளியே வந்து சுற்றிப் பார்த்தேன். கொட்டகையின் நெற்றியில், வௌவால் வெளியேறும் இடுக்குக்கு இரண்டு முழம் தள்ளி, ஒரு பெரிய ஃபோகஸ் லைட். வயலின் ரோட்டோரம் கம்பத்தில் இன்னும் இரண்டு.

"இது எப்போ?"

"மோட்டார் வயரை அறுத்துட்டுப் போனானுங்களே, அப்போ போட்டது. விதைச்சு மூணாவது வாரம். ராத்திரி பூரா எரியும்."

இருட்டுக்குப் பழகிய இந்தச் சின்ன வௌவால் வெளிச்சத்துக்குள் பறக்காது. பறந்தால் ஆந்தை தூக்கிக்கொண்டு போய்விடும் என்ற பயம் அதன் ரத்தத்தில் இருக்கிறது. வாசலிலேயே பகல் போல எரிந்தால் அது வீட்டை விட்டே போய்விடும். அந்துக்கு நேர்மாறு. எங்கே விளக்கு எரிகிறதோ அங்கே வந்து குவியும். குவிந்த இடத்தில் பக்கத்துச் செடியில் முட்டையிடும். ரோட்டோரம் ரெண்டுக்கு ஒண்ணு என்று இவன் சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"விளக்கு போட்டதை நீ எனக்குச் சொல்லியிருந்தா..."

"சொன்னேனே," என்றான்.

"எப்போ?"

"போன்லதான். வயர் திருட்டுப் போனது, லைட் போட்டது, எல்லாம் சொன்னேன். அக்கா, பூச்சி கீச்சிக்கு ஒண்ணும் ஆகாதேன்னுகூடக் கேட்டேன். நல்லது நல்லதுன்னே."

எனக்கு அது நினைவுக்கு வந்தது. வராமல் இருந்திருக்கலாம். தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, முதல் மூன்று டப்பாவின் அட்டவணையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அவன் பேசிக்கொண்டே போனான். ம், ம், நல்லது, நல்லது. அவன் வயலின் வௌவால்களைப் பற்றி எழுதுகிற மும்முரத்தில் அவன் பேச்சை நான் கேட்கவில்லை.

"திட்டிடுடா," என்றேன்.

"திட்டினா புழு வெளிய வந்துருமா?" தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். ஒரு கதிரை எடுத்து மணிகளை நகத்தால் கீறிக்கொண்டிருந்தான். "மாட்டுத் தீவனத்துக்கு வெட்டிடுறேன். மாடு புழுவைப் பார்க்காது." பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னான்: "மேற்குத் தோட்டத்துக்காரரும் அடிக்கல. உன் பேச்சைக் கேட்டுத்தான். அவருது பதினஞ்சு நாள் பிந்தினது."

அதுவரை எனக்கு அவர் நினைவே வரவில்லை.

நான் வரப்பு வழியாக ஓடவில்லை, நடந்துதான் போனேன். ஆனால் போய்ச் சேர்ந்தபோது மூச்சு வாங்கியது. மேற்குத் தோட்டத்துக்காரர் வாய்க்காலில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். தம்பியைவிட இருபது வயது மூத்தவர், எல்லோரையும் ஏதாவது ஒரு பெயர் வைத்துத்தான் கூப்பிடுவார்.

"வாங்க வௌவாலம்மா. என்ன இந்த வெயில்ல? உங்க ஆளுங்க எல்லாம் தூங்குற நேரமாச்சே."

"அண்ணா, உங்க கதிரை ஒண்ணு பார்க்கணும்."

"ஒண்ணென்ன, பத்துப் பாருங்க."

அவர் சோளம் அப்போதுதான் நூல் விட்டிருந்தது. கதிரின் நுனியில் இளம்பச்சைப் பட்டு நூல் ஈரமாகத் தொங்கியது. பையிலிருந்து லென்ஸை எடுத்துக் கண்ணோடு வைத்துக்கொண்டேன். நூலில் ஒரு முட்டை. கடுகில் கால் பங்கு இருக்கும். வெள்ளையாக, வரிவரியாக. அடுத்த கதிரில் இரண்டு. அதற்கடுத்ததில் மூன்று. ஒன்றில் மட்டும் முட்டையின் நடுவே பழுப்பு வளையம் விழுந்திருந்தது. நாளையோ மறுநாளோ பொரியும். பொரிந்த புழு நூலைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்க ஒரு நாள் போதும்.

"மருந்து அடிங்க," என்றேன்.

அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். "யாரு சொல்றது?"

"நான்தான். இன்னைக்குச் சாயங்காலமே அடிங்க. நூல் மேல படுற மாதிரி. திரும்ப நாலாம் நாள் ஒரு தடவை. இன்னும் உள்ள போகல. நாளைக்குன்னா நேரம் தப்பிடும்."

"ஏம்மா, மருந்து அடிச்சா உங்க வௌவால் பட்டினி கெடக்கும்னீங்களே."

"வௌவால் இல்லண்ணா."

"எங்க போச்சு?"

"தெரியாது. ரெண்டு மாசமா இல்ல. நான் பார்க்கல."

அவர் சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சிரித்திருந்தால் நானும் சேர்ந்து ஒரு முறை சிரித்துவிட்டு நகர்ந்திருப்பேன். அவர் என் கையிலிருந்து லென்ஸை வாங்கி, நான் காட்டிய நூலைத் தானே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "தம்பி வயல்?" என்று மட்டும் கேட்டார்.

நான் தலையாட்டினேன். எப்படி ஆட்டினேனோ, அவருக்குப் புரிந்துவிட்டது.

"சரி, அடிக்கிறேன். ஆனா ஒண்ணு. அன்னைக்கு அடிக்காதீங்கன்னு நீங்க கையெழுத்துப் போட்ட காகிதம் கொடுத்தீங்க. இதையும் எழுதிக் கொடுங்க. நாளைக்கு உங்க ஆபீஸ்லேர்ந்து யாராச்சும் வந்து, நீங்க திட்டத்தை மீறிட்டீங்கன்னு என்னைச் சொல்லக் கூடாது பாருங்க."

அவர் கேட்டது நியாயம். ஆனால் அந்தக் காகிதத்தின் நகல் திங்கட்கிழமை டைரக்டர் மேசைக்குப் போகும். பத்தில் ஆறு என்ற கணக்கு, தம்பி மனைவியின் டீ வடிகட்டி, ஓரமாக ஒதுக்கிய அந்தச் சட்டைகள் எல்லாம் அதன் பின்னாலேயே போகும். நான் எழுதிக் கொடுத்த பிறகு என் தட்டுகளை இன்னொருத்தி எடுத்துப் பார்ப்பாள். பார்க்கத்தான் வேண்டும்.

வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்து குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டேன். காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. "கிடைத்த மாதிரிகளில் ஏற்பட்ட குறைபாடு காரணமாக" என்று கை தானாக எழுதத் தொடங்கியது. இருபது வருடமாக எழுதிப் பழகிய கை. அதை அடித்தேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. தம்பியின் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். இங்கிருந்து அது ஒரு தகரப் பெட்டி போலத் தெரிந்தது.

பிறகு எழுதினேன்: கொட்டகையில் வௌவால் இல்லை. விளக்கு வைத்ததை எனக்குச் சொன்னார்கள், நான் கேட்டுக்கொள்ளவில்லை. நாலாவது டப்பாவிலிருந்து வந்தவை பழைய எச்சம். அதன் அடையாளத்தை நான் பார்த்தேன், எடுத்து எறிந்தேன். உடனே மருந்து அடிக்கவும்.

கிழித்துக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, உதடு அசைய, முழுவதும் படித்தார். நடுவில் ஒரு இடத்தில் நின்று என்னை ஒரு முறை பார்த்தார்.

"இவ்வளவு எழுதச் சொல்லலியேம்மா நான்," என்றார். "அடின்னு மட்டும் போட்டாப் போதும்."

"இருக்கட்டும்," என்றேன்.

காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மருந்து டாங்கில் தண்ணீர் பிடிக்கப் போனார். குழாயைத் திறந்த சத்தம் கேட்டது. நான் எழுந்து போய் டாங்கின் மூடியைப் பிடித்துக்கொண்டேன்.